மாடித்தோட்டப் பதிவர்களிடம் விருந்தினர் பதிவு கேட்பது எப்படி? 60 மடலுக்கு 2 பதில்தான்

#1 தொட்டிச்செடி

வணக்கம். நாட்டு விதை விற்கும் சிறு தளம் ஒன்றுக்காகக் கேட்கிறேன். மாடித்தோட்டம் பற்றித் தமிழில் எழுதும் பதிவர்களின் தளங்களில் விருந்தினர் பதிவு எழுத வேண்டும். 60 பேருக்குப் போன மடல் இதுதான்:

"மதிப்பிற்குரிய ஐயா/அம்மா, உங்கள் வலைப்பதிவை விரும்பிப் படித்து வருகிறேன். தங்கள் தளத்தில் தரமான விருந்தினர் பதிவு ஒன்றை இலவசமாக எழுதித் தர விரும்புகிறேன். பதிவில் எங்கள் தளத்துக்கு ஒரு டூஃபாலோ இணைப்பு தந்தால் போதும். கட்டுரை இத்துடன் உள்ளது."

பதில் வந்தது 2. இரண்டுமே எவ்வளவு கட்டணம் தருவீர்கள் என்று கேட்டவை. டிஏ என்ற தள மதிப்பெண் 20க்கு மேல் உள்ள தளங்களாகப் பார்த்துத்தான் அனுப்பினேன். எதைத் திருத்துவது?

#2 வரப்போரம்

தம்பி, வரிவரியாகப் பார்ப்போம்.

"ஐயா/அம்மா" என்ற சாய்கோடு ஒன்றே போதும், இது யாரையும் நினைத்து எழுதிய மடல் இல்லை என்று காட்ட. பெயர் பெரும்பாலும் "என்னைப் பற்றி" பக்கத்தில் இருக்கும். அங்கே இல்லையென்றால் பின்னூட்டத்தில் வாசகர்கள் எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று பாருங்கள். எல்லாரும் "அக்கா" என்று எழுதும் தளத்துக்கு "மதிப்பிற்குரிய ஐயா" என்று போனால், அந்தத் தளத்தை நீங்கள் திறந்தே பார்க்கவில்லை என்று ஆகிவிடும்.

"விரும்பிப் படித்து வருகிறேன்" என்றால் எதை? ஒரு பதிவின் பெயர், அதில் ஒரு வரி. அது இல்லாத பாராட்டை யாரும் பாராட்டாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

"இலவசமாக" என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். எட்டு பத்து வருடம் எழுதி அவர் சேர்த்த வாசகர்கள் முன்னால் நிற்க நீங்கள்தான் இடம் கேட்கிறீர்கள். கொடுப்பவர் அவர், நீங்கள் இல்லை. இந்த ஒன்று மனதில் பதிந்தால் மடலின் தொனி தானாக மாறும்.

"டூஃபாலோ" (தேடுபொறியில் உங்கள் தளத்துக்கு மதிப்பு சேர்க்கும் இணைப்பு) என்ற சொல்லைப் பார்த்ததும் பாதிப் பேர் மடலை மூடிவிடுவார்கள். மீதிப் பேர் விலை பேசுவார்கள். உங்களுக்கு வந்த 2 பதிலும் அப்படித்தான்.

கட்டுரையையே சேர்த்து அனுப்பியதுதான் இருப்பதில் பெரிய தவறு. ஒரே கட்டுரை 60 பேருக்கும் போயிருக்கிறது என்று உடனே தெரியும். இரண்டு பேர் நம்பி ஒரே வாரத்தில் போட்டிருந்தால் இருவரின் வாசகர்களுக்கும் முகம் காட்ட முடியாது.

60 வேண்டாம், 12 தளம் போதும். ஒரு அட்டவணையில் தளம், பதிவர் பெயர், கடைசிப் பதிவு வந்த தேதி, கடைசி 30 பதிவுகளின் தலைப்பு எல்லாம் எழுதுங்கள். 30 தலைப்பையும் வரிசையாகப் பார்த்தால் எது இல்லை என்று தெரியும். பூச்சிக்கு 11 பதிவு, மண்கலவைக்கு 6, அறுவடைப் படங்கள் 8 என்று இருக்கும். விதையைப் பற்றி ஒன்றுகூட இருக்காது. அந்த இடம்தான் உங்களுக்கு. விதை விற்பவருக்கு விதையைப் பற்றிப் பதிவரைவிடக் கூடத் தெரிந்தது ஏதாவது இருக்கும்தானே.

#3 கரிசல்காடு

டிஏ பற்றி. அது மோஸ் நிறுவனம் ஒரு தளத்துக்கு 1 முதல் 100 வரை போடும் மதிப்பெண், டிஆர் என்பது ஏஹெச்ரெஃப்ஸ் நிறுவனம் போடுவது. கூகுள் இரண்டையும் பயன்படுத்துவதில்லை. பழைய இணைப்புகளை வைத்துக் கணக்கிடுவதால், 2019க்குப் பிறகு ஒரு பதிவும் வராத தளம்கூட 30 காட்டும். எண்ணுக்குப் பதில் இதைப் பாருங்கள்: கடந்த 90 நாளில் பதிவு வந்திருக்கிறதா? பின்னூட்டத்துக்குப் பதிவர் மறுமொழி சொல்கிறாரா? இதற்கு முன் வேறு யாராவது அங்கே விருந்தினர் பதிவு எழுதியிருக்கிறார்களா?

ஒதுக்க வேண்டிய தளம் எது என்பதும் தெரிய வேண்டும். ஒரே பக்கத்தில் தக்காளி நடவு, தனிநபர் கடன், ஆன்லைன் ரம்மி எல்லாம் இருந்தால் அது இணைப்பு விற்கும் கடை. "எங்களுக்கு எழுதுங்கள்" பக்கத்திலேயே விலைப்பட்டியல் இருந்தாலும் அப்படித்தான்.

தேடும்போது எழுத்து வேறுபாட்டை மறக்காதீர்கள். "மாடித்தோட்டம்", "மாடித் தோட்டம்", "மாடி தோட்டம்", "மொட்டைமாடித் தோட்டம்", "வீட்டுத் தோட்டம்" ஐந்தும் வேறு வேறு முடிவுகளைத் தரும். ஒவ்வொன்றையும் இரட்டை மேற்கோளுக்குள் போட்டு, பக்கத்தில் "விருந்தினர் பதிவு" என்பதையும் மேற்கோளுக்குள் போட்டுத் தேடுங்கள். ஒரு தளத்துக்குள் மட்டும் தேட, ஆங்கிலத்தில் சைட் என்று எழுதி, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் தள முகவரி, பிறகு சொல். "இந்தத் தளத்தில் விதை நேர்த்தி பற்றி வந்திருக்கிறதா" என்று மடல் எழுதும் முன் பார்க்க இதைவிட எளிய வழி இல்லை. ஏற்கெனவே வந்த தலைப்பையே புதிதுபோல் கேட்பது நிறைய மடல்களில் நடக்கிறது.

#4 தொட்டிச்செடி

நன்றி அக்கா, நன்றி அண்ணே. மடலுக்கு முன் பின்னூட்டம் போட்டுப் பழக வேண்டும் என்கிறார்கள். என்ன எழுதுவது? "அருமையான பதிவு" என்று போட்டால் செயற்கையாகத் தெரிகிறது.

#5 மறுமொழியான்

"அருமையான பதிவு" பதிவருக்கும் உதவாது, அடுத்து வரும் வாசகருக்கும் உதவாது. பதில் இல்லாமல் நிற்கும் கேள்விகளைத் தேடுங்கள். பழைய பதிவுகளின் கீழேதான் அவை அதிகம் கிடக்கும்.

உதாரணம். கத்தரிப் பதிவின் கீழே ஒருவர், "பூ நிறைய வருகிறது, எல்லாம் உதிர்கிறது" என்று கேட்டிருக்கிறார், பதில் இல்லை. நீங்கள் எழுத வேண்டியது இந்த அளவுக்கு இருக்கலாம்: "கத்தரியில் சூலகத்தண்டு (பூவின் நடுவில் நிற்கும் தண்டு) குட்டையாக உள்ள பூக்கள் காய்க்காமல் உதிர்வது இயல்பு. எல்லாப் பூவும் உதிர்ந்தால் கடும் வெயிலையும் தண்ணீர் விட்டுவிட்டு ஊற்றுவதையும் முதலில் பாருங்கள். தொட்டி எவ்வளவு ஆழம்?" கடைசிக் கேள்வி முக்கியம். அதற்கு அவர் பதில் சொல்வார், பதிவரும் வந்து சேர்ந்துகொள்வார். அங்கிருந்து உரையாடல் ஓடும்.

பின்னூட்டப் பெயரில் கடைப்பெயர் வேண்டாம், உங்கள் பெயரே இருக்கட்டும். உள்ளே இணைப்பு போடாதீர்கள். பதிவர் மட்டுறுத்தல் (பார்த்துவிட்டு வெளியிடும் முறை) வைத்திருந்தால் இணைப்பு உள்ள பின்னூட்டம் பெரும்பாலும் வெளியே வராது. ஒரு தளத்துக்கு வாரம் ஒன்று, மூன்று நான்கு வாரம். ஒரே நாளில் ஆறு பதிவுக்குப் போட்டால் எதற்காக வந்திருக்கிறீர்கள் என்று தெரிந்துவிடும். தவறு சுட்ட வேண்டியிருந்தால் பின்னூட்டத்தில் வேண்டாம், தனிமடலில் மென்மையாகச் சொல்லுங்கள்.

தமிழ்மணம் போன்ற திரட்டிகள் ஓடிய காலத்தில் புதுப்பதிவு வந்ததும் எல்லாருக்கும் தெரியும், பின்னூட்டத்திலேயே நட்பு வளர்ந்தது. புதுப்பதிவுகளை வாசகர்களுக்கு அனுப்பிவந்த கூகுளின் ஃபீட்பர்னர் 2021இல் மின்னஞ்சல் சேவையை நிறுத்திய பிறகு பல பதிவர்களுக்குத் தொடர்ந்து படிப்பவர்களோடு இருந்த கண்ணியே அறுந்தது. இன்று ஊன்றிப் படித்து எழுதும் ஒரு பின்னூட்டத்துக்கு அன்றைக்கு இருந்ததைவிட மதிப்பு அதிகம் என்றே நினைக்கிறேன். 12 தளத்தையும் ஃபீட்லி என்ற ஓடை வாசிப்பானில் சேர்த்துவிடுங்கள், புதுப்பதிவு தவறாது.

#6 தொட்டிச்செடி

பதிவர் கைப்பேசி எண் போட்டிருந்தால் வாட்ஸாப்பில் கேட்கலாமா?

#7 மறுமொழியான்

விதைப் பரிமாற்றத்துக்கோ சந்தேகம் கேட்கவோ போட்ட எண் அது. இந்த விஷயத்துக்கு மின்னஞ்சல்தான். பதிவரே "வாட்ஸாப்பில் பேசுவோம்" என்றால் பிறகு போகலாம். முகநூல் குழுவில் எல்லார் முன்னும் கேட்பதும் வேண்டாம், மறுக்க நினைப்பவரைச் சங்கடப்படுத்தும்.

#8 வரப்போரம்

மடலைத் திருப்பி எழுதிக் காட்டுகிறேன். நாற்றங்கால் பற்றி நன்றாக எழுதும் ஒரு பதிவருக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பொருள்: விதைக்கும் முன் 20 விதையில் முளைப்புச் சோதனை, உங்கள் நாற்றங்கால் பதிவின் தொடர்ச்சியாக

"வணக்கம் அக்கா. நாற்றங்கால் தட்டுப் பதிவில் தென்னை நார்க்கழிவை உப்புப் போக இரண்டு முறை அலசச் சொல்லியிருந்தீர்கள். கீழே மூன்று வாசகர்கள், அலசியும் பாதிக் குழியில்தான் முளைத்தது என்று எழுதியிருக்கிறார்கள். கோளாறு கலவையிலா விதையிலா என்று பிரித்துப் பார்க்கும் வழி உங்கள் தளத்தில் இன்னும் வரவில்லை.

அதை 900 சொல்லில் எழுதித் தரலாமா? 20 விதையை ஈரத்துணியில் சுற்றி வைத்து எண்ணுவது, எந்தக் காய்க்கு எத்தனை நாள் பொறுப்பது, முளைப்பு குறைந்தால் எத்தனை விதை கூட ஊன்றுவது. 20இல் 14 முளைத்தால் 70 விழுக்காடு. 10 செடி வேண்டுமென்றால் 15 விதை. இப்படிக் கணக்கோடு. படம் 5, நானே எடுத்தவை.

நான் விதை விற்பவன், அதை முன்பே சொல்லிவிடுகிறேன். இந்தச் சோதனை எந்தக் கடை விதைக்கும் பொருந்தும். என் கடை விதைக்கும்தான். கட்டுரைக்குள் கடைப்பெயர் வராது. கடைசியில் இரண்டு வரி அறிமுகம் போடுவது உங்கள் விருப்பம். ஆடிப்பட்டத்துக்கு முன் வந்தால் வாசகர்களுக்கு உதவும் என்று தோன்றுகிறது. வேண்டாம் என்றாலும் ஒரு வரி எழுதினால் போதும்."

இவ்வளவுதான். பதிவரின் வாசகர்கள் கேட்ட கேள்வியிலிருந்து மடல் தொடங்குகிறது, கவனியுங்கள். விதை விற்பவர் தன் விதையையே சோதிக்கச் சொல்லித் தருவதால் நம்பிக்கையும் வருகிறது. "10 சிறந்த மாடித்தோட்டக் குறிப்புகள்" என்று கேட்டால் இது எதுவும் நடக்காது.

10 நாள் வரை பதில் இல்லையென்றால் அதே மடலின் கீழே இரண்டு வரி நினைவூட்டல், ஒருமுறைதான். அதற்கும் பதில் இல்லையென்றால் விட்டுவிடுங்கள்; பின்னூட்டம் மட்டும் நிற்க வேண்டாம். மடலுக்குப் பதில் வராததும் ஆள் காணாமல் போனால் பின்னூட்டமெல்லாம் இதற்காகத்தானா என்று ஆகிவிடும், அந்தக் கதவு திரும்பத் திறக்காது.

காலம் பற்றியும். ஜூலை நடுவில் ஆடி பிறக்கிறது. மே நடுவில் கேளுங்கள், ஜூன் முதல் வாரம் கட்டுரையைக் கையில் கொடுங்கள், ஜூன் கடைசியில் வெளிவரட்டும். ஆடி பிறந்த பிறகு கேட்டால், நல்ல பதிவர்கள் அந்தப் பட்டத்துக்கான பதிவை ஏற்கெனவே எழுதி முடித்திருப்பார்கள். அப்போது தைப்பட்டத்துக்குத்தான் இடம்.

#9 வன்னிமண்

இலங்கைப் பதிவர்களும் உங்கள் பட்டியலில் இருந்தால் ஒரு விசயம் கவனியுங்கோ தம்பி. ஆடிப்பட்டம் என்று எழுதினால் இங்கே பொருந்தாது. வடக்கு கிழக்கில் பெரும்போகம் மாரி மழையோடு ஒக்டோபர் அளவில் தொடங்கும், மற்றது சிறுபோகம். காய் பெயரும் வேறு: பீன்ஸ் இங்கே போஞ்சி, முட்டைக்கோஸ் கோவா, நிலக்கடலை கச்சான். கட்டுரையில் அப்படியே மாற்றி எழுதித் தருவதாக மடலில் ஒரு வரி சொன்னால், வாசகரை நினைத்திருக்கிறீர்கள் என்று பதிவருக்கு விளங்கும். இங்கே விதை அனுப்ப முடியாதென்றால் அதையும் முதலே சொல்லிவிடுங்கோ. நாடு விட்டு நாடு விதை போக தாவரத் தொற்றுகாப்பு விதி இருக்கு. வாசகர் வந்து கேட்டு ஏமாறக் கூடாது.

#10 ஒற்றெழுத்து

சம்மதம் கிடைத்த பிறகு பாதி உறவு கெடுவது கட்டுரையை ஒப்படைக்கும் இடத்தில்தான். அதைப் பற்றி யாரும் சொல்லாததால் எழுதுகிறேன்.

யூனிகோடில் கொடுங்கள். பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்த கோப்பு பதிவரின் கணினியில் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் திறக்கும். எழுத்துரு மாற்றி வழியாகக் கொண்டுவந்திருந்தால் கட்டாயம் ஒருமுறை கண்ணால் வாசியுங்கள். "தண்ணீர்" என்பதில் ரகரத்துக்குப் பதில் துணைக்கால் விழுந்து "தண்ணீா்" என்று ஆகியிருக்கும். திரையில் பார்க்க ஒன்றுபோல் இருக்கும், தேடினால் கிடைக்காது. கோப்பில் துணைக்காலின் மேல் புள்ளி வருவதைத் தேடி, எல்லாவற்றையும் ர் ஆக மாற்றுங்கள். கொ, கோ, கௌ வரும் இடங்களில் கொம்பு பிரிந்து நிற்கிறதா என்றும் பாருங்கள்.

வேர்டிலிருந்து நேராக பிளாகரில் ஒட்டினால் எழுத்துரு, அளவு, வரி இடைவெளி எல்லாம் உள்ளே ஒட்டிக்கொண்டு வரும். பதிவரின் மற்ற பதிவுகளிலிருந்து உங்கள் பதிவு மட்டும் தனியாகத் தெரியும், கைப்பேசியில் இன்னும் மோசம். கூகுள் டாக்ஸில் கொடுத்து, கருத்து எழுதும் உரிமையைப் பதிவருக்குத் தாருங்கள். உபதலைப்புகளை டாக்ஸின் தலைப்புப் பாணியில் வையுங்கள், தடித்த எழுத்தாக மட்டும் விடாதீர்கள்.

படத்தை டாக்ஸுக்குள் மட்டும் வைத்தால் பதிவர் ஒவ்வொன்றாக வெளியே எடுக்க வேண்டும். தனி டிரைவ் கோப்புறையில் 1200 பிக்சல் அகலம், ஒவ்வொன்றும் 200 கேபிக்குள். கோப்பின் பெயர் 01, 02 என்று கட்டுரை வரிசையில். எந்தப் பத்திக்குக் கீழே எந்தப் படம் என்று கட்டுரையில் குறியுங்கள். இணையத்தில் எடுத்த படம் ஒன்றுகூட வேண்டாம். உரிமைக்காரர் கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர் பதிவர்.

தளத்துக்குள் நுழையும் உரிமை கேட்காதீர்கள். பிளாகரில் உங்களை ஆசிரியராகச் சேர்த்துவிட்டால் நீங்களே வெளியிட்டுவிட முடியும், அதனால் பதிவர்கள் தயங்குவார்கள். வேர்ட்பிரஸில் கான்ட்ரிப்யூட்டர் நிலை பாதுகாப்பானது: எழுதலாம், வெளியிட முடியாது. ஆனால் அந்த நிலையில் படம் ஏற்றவும் முடியாது, படத்தைப் பதிவர்தான் ஏற்ற வேண்டும். "படம் ஏறவில்லை" என்று அவரைத் தொல்லை செய்யாமல் இருக்க இதைத் தெரிந்து வைத்திருங்கள்.

#11 தொட்டிச்செடி

இதெல்லாம் எங்கும் எழுதாத தகவல். கட்டணம் கேட்ட இருவருக்கும் என்ன சொல்வது? கடைசி இரண்டு வரி அறிமுகத்தில் இணைப்பு எப்படி இருக்க வேண்டும்?

#12 கரிசல்காடு

பணம் கொடுத்துப் போடுவது விளம்பரம். விளம்பரமாகவே செய்யலாம், தவறில்லை. ஆனால் பதிவின் தொடக்கத்திலேயே அப்படிச் சொல்ல வேண்டும், இணைப்பின் நிரலில் ஸ்பான்சர்டு (பணம் பெற்றது) என்ற ரெல் குறி இருக்க வேண்டும். விதைப் பொட்டலம் இலவசமாகக் கொடுத்து எழுதச் சொன்னாலும் இதே விதி. இந்திய விளம்பரத் தர நிர்ணயக் கவுன்சில் 2021இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் பொருளாகக் கொடுத்ததை வெளிப்படையாகச் சொல்லச் சொல்கிறது. விளம்பரம் வேண்டாம் என்றால் இருவருக்கும் நன்றி சொல்லி முடித்துக்கொள்ளுங்கள், பேரம் பேச வேண்டாம்.

கூகுளின் ஸ்பேம் தடுப்புப் பிரிவுத் தலைவராக இருந்த மேட் கட்ஸ், இணைப்புக்காக எழுதும் விருந்தினர் பதிவின் காலம் முடிந்தது என்று 2014 ஜனவரியிலேயே எழுதிவிட்டார். வாசகருக்காக எழுதுவதை அவர் குறை சொல்லவில்லை. இணைப்புக்காகவே ஒரே அச்சில் வார்த்த கட்டுரைகளைத்தான் சொன்னார். உங்கள் 60 மடல் அந்த வகைக்குள் வரும்.

இந்த இணைப்புக்கு மதிப்பு தர வேண்டாம் என்று தேடுபொறிக்குச் சொல்லும் நோஃபாலோ குறி 2005இல் பின்னூட்ட ஸ்பேமைத் தடுக்க வந்தது. 2019 செப்டம்பரில் கூகுள் அதைக் கட்டளையாக அல்லாமல் குறிப்பாக எடுத்துக்கொள்வதாக அறிவித்தது. ஸ்பான்சர்டு, யூஜிசி (வாசகர் எழுதியதில் உள்ள இணைப்புக்கு) என்ற இரண்டு குறிகளும் அப்போதுதான் வந்தன. ஆகவே பதிவர் நோஃபாலோ போட்டால் போடட்டும், அதைப் பற்றி ஒரு சொல்லும் கேட்காதீர்கள். பட்டத்துக்கு முன் விதை தேடும் வாசகர் அந்த இணைப்பு வழியாக வரத்தான் போகிறார்.

இணைப்பு நிற்கும் சொல் "நாட்டு விதை வாங்க", "குறைந்த விலை காய்கறி விதை" என்று இருக்கக் கூடாது. பத்துத் தளத்தில் ஒரே சொல் திரும்பத் திரும்ப வந்தால் திட்டமிட்டது என்று வெளிச்சமாகத் தெரியும். உங்கள் பெயர் அல்லது கடைப்பெயர் மட்டும் போதும். முகப்புப் பக்கத்துக்கு இணைப்பதைவிட, எந்தக் காய் முளைக்க எத்தனை நாள் என்ற அட்டவணை ஒன்றை உங்கள் தளத்தில் தனிப் பக்கமாக வைத்து அதற்கு இணைப்பது நல்லது. வருகிறவர் தேடி வந்ததே அங்கே இருக்கும். பிறகு அந்த முகவரியை விற்பனைப் பக்கத்துக்குத் திருப்பிவிடாதீர்கள். அது பதிவரை ஏமாற்றுவது.

மடல் அனுப்பும் முகவரி சொந்த டொமைன் என்றால் மடல் உங்களிடமிருந்துதான் வந்தது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றையும் டொமைனின் டிஎன்எஸ் பதிவுகளில் சேருங்கள். 2024 பிப்ரவரி முதல் ஜிமெயில் இதில் கண்டிப்பாக இருக்கிறது. புது டொமைனிலிருந்து ஒரே நாளில் 60 போனதில் ஒரு பகுதி ஸ்பேமுக்குள் விழுந்திருக்கலாம். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று மட்டும் அனுப்புங்கள். படித்தாரா என்று பார்க்கும் டிராக்கிங் எதுவும் வேண்டாம்.

#13 மறுமொழியான்

வெளிவந்த பிறகு முதல் 10 நாள் காலை மாலை இரண்டு வேளையும் பின்னூட்டம் பாருங்கள். கேள்விக்கு நீங்களே பதில் சொல்ல வேண்டும், வீட்டுக்காரரான பதிவர் தலையில் விடக் கூடாது. அதே கட்டுரையை உங்கள் தளத்தில் எடுத்துப் போடாதீர்கள். இரண்டு வரி அறிமுகம் எழுதி அவருடைய பதிவுக்கு இணைப்பு கொடுங்கள். பிழை யாராவது காட்டினால் திருத்திய வரியை முழுதாக எழுதிப் பதிவருக்கு அனுப்புங்கள், "மூன்றாம் பத்தியைப் பாருங்கள்" என்று மட்டும் அனுப்பாதீர்கள். ஒரு மாதம் கழித்து, வாசகர்கள் அதிகம் கேட்டது எது என்று தொகுத்து அவருக்கு எழுதினால் அடுத்த பதிவு அங்கிருந்தே பிறக்கும். அதை அவரே எழுதட்டும், நீங்கள் விவரம் கொடுங்கள்.

#14 தொட்டிச்செடி

12 தளம் பட்டியல் தயார். முதல் வரைவின் சுருக்கம்: "20 விதையை ஈரத்துணியில் சுற்றி, துணி காயாமல் நிழலில் வைக்கவும். 7ஆம் நாள் எண்ணவும். 14க்கு மேல் முளைத்திருந்தால் நல்ல விதை. 14க்குக் கீழே என்றால் விதை சரியில்லை, கடையில் திருப்பிக் கொடுக்கவும்." சரியா அக்கா?

#15 வரப்போரம்

இப்படியே போனால் முதல் பின்னூட்டத்திலேயே மாட்டிக்கொள்வீர்கள் தம்பி. எல்லாக் காய்க்கும் 7 நாள் பொருந்தாது. வெண்டை அதற்குள் வந்துவிடும். மிளகாயும் கத்தரியும் மெதுவாக வரும், 14 நாள் வரை பார்க்கச் சொல்லுங்கள். 7ஆம் நாள் எண்ணிவிட்டு நல்ல மிளகாய் விதையைக் குப்பையில் போடுவார்கள். 14 விதை என்ற கோடும் எல்லாவற்றுக்கும் ஒன்றில்லை. விதைச் சான்றளிப்பில் குறைந்தபட்ச முளைப்பு தக்காளிக்கும் கத்தரிக்கும் 70 விழுக்காடு, வெண்டைக்கு 65, மிளகாய்க்கு 60. அதாவது 20க்கு முறையே 14, 13, 12. 20 விதை என்பது சின்ன எண்ணிக்கை, ஒன்றிரண்டு கூடக் குறைய வரும். ஒரு முறை குறைந்தால் உடனே கடைக்கு ஓடச் சொல்லாமல் இன்னொரு 20 வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். துணி ஈரமாக இருக்க வேண்டும், சொட்டக் கூடாது. சொட்டினால் விதை அழுகும். இதைத் திருத்திவிட்டு மடலை அனுப்புங்கள், நார்க்கழிவு பற்றி எழுதிய அந்தப் பதிவருக்கே முதலில்.